விளம்பரம் செஞ்சது நான்தான்



நான் மண்டபம் ஒன்றியத்தைச் சேர்ந்தவள். பத்தாவது வரைக்கும்தான் படிப்பு. மேடையில் பேசிப் பழக்கமில்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கோங்க.

நம்ம கடற்கரையில் கரண்ட் போவது புதுசு இல்லை. 2012-ல் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலேயும் இருட்டில் கிடந்தோம். 2016-ல் நம்ம மாவட்டத்திலேயே, கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிலையம் வந்தது. இப்பவும் காத்தடிச்சாப் போகுது. கம்பத்துப் பீங்கானில் கடல் உப்பு படிஞ்சு, அதில் பனி விழுந்தாலே லைன் ட்ரிப் ஆகிரும்.

அதனால் இன்வெர்ட்டர் பல்பு விற்க ஒருத்தர் வந்தப்ப எல்லாருக்கும் ஆசை. "4 மணி நேரம் வரை எரியும்" என்று நோட்டீஸ். குழுவுக்கு நான் ஊக்குநர். கூட்டத்தில் அதைச் சத்தமா வாசிச்சவளும் நான்தான். என் பேச்சை நம்பி 11 பேர் உள்கடன் எடுத்து வாங்கினாங்க. பில்லும் கேட்கலை.

ஒரு மழை ராத்திரி கரண்ட் போச்சு. எங்க குழு அக்கா ஒருத்தர் வீட்டில் பல்பு இருபது நிமிஷம்கூட நிக்கலை. வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருந்தார். இருட்டில் எந்திரிச்ச மாமியார் வாசப்படியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சிருச்சு. அந்த அக்கா என்னைத் திட்டலை. அடுத்த கூட்டத்தில் தவணையைக் கட்டிட்டு, என் முகத்தைப் பார்க்காமப் போயிட்டாங்க. அன்னைக்குத்தான் உறைச்சது. விளம்பரம் செஞ்சது நோட்டீஸ் இல்லை, நான்தான்.

பிறகு என் மகள் அட்டைப்பெட்டியைப் பார்த்துக் கணக்குப் போட்டாள். பல்பு 9 வாட். பேட்டரி 2200 எம்.ஏ.ஹெச்., 3.7 வோல்ட். 2.2-ஐ 3.7-ஆல் பெருக்கினால் சுமார் 8. அதை 9-ஆல் வகுத்தால் முழு வெளிச்சத்தில் ஒரு மணி நேரம்கூட வராது. 4 மணி நேரம் வேணும்னா 2 வாட் மங்கலில்தான் எரியும். "வரை" என்ற அந்தச் சின்ன வார்த்தையை நான் விழுங்கிட்டு வாசிச்சிருக்கேன்.

எங்க தப்பும் உண்டு. இந்த பல்பு சுவிட்ச் போட்டு எரியும்போதுதான் சார்ஜ் ஏறும். கரண்ட் பில்லுக்குப் பயந்து பாதி நாள் அணைச்சே வச்சிருந்தோம்.

இப்ப எங்க குழுவில் ஒரு முறை வச்சிருக்கோம். எந்த லைட் வந்தாலும் முதலில் ஒண்ணு மட்டும் வாங்குவோம். கூட்டம் நடக்கிறப்ப எரியவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்குவோம். பி.ஐ.எஸ். குறி, பில், வாரண்டி அட்டை இல்லாட்டி உள்கடன் கிடையாது. ஏமாந்தால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். நுகர்வோர் கோர்ட்டில் 5 லட்சம் ரூபாய் வரைக்கும் உள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. ஆனால் கையில் பில் இருக்கணும்.

அந்த அக்காவோட மீதித் தவணையை நான் கட்டுறேன்னு போய்க் கேட்டேன். வேண்டாம்னுட்டாங்க. "அடுத்த தடவை விசாரிச்சுட்டு வாசி தாயி"ன்னு மட்டும் சொன்னாங்க.

அதைத்தான் உங்ககிட்டேயும் சொல்ல வந்தேன். நம்ம வாயை நம்பித்தான் நம்ம பிள்ளைக கடன் வாங்குதுக.