பனிமலைப் பண்ணை வீடு



ஜப்பானின் கிஃபு மாநிலத்து மலைகளுக்கு நடுவே இருக்கிறது ஷிரகாவா கிராமம். குளிர்காலத்தில் அங்கே பனி கொட்டித் தீர்க்கும். அது கூரையில் தங்காமல் வழிய, பழைய பண்ணை வீடுகளின் புல்கூரையைக் கூப்பிய கைகளைப் போல, ஏறக்குறைய 60 பாகைச் சரிவில் எழுப்பினார்கள். கூரைச் சட்டத்தில் ஆணி கிடையாது. வைக்கோல் கயிறும் முறுக்கிய இளங்கொம்பும்தான் கட்டு. பாரம் ஏறினால் அது நெகிழ்ந்து கொடுக்கும், முறியாது.

கீழே குடும்பம். கூடத்து அடுப்புக்குழியின் புகை மேலேறிக் கூரைப் புல்லைப் பூச்சி அரிக்காமல் காத்தது. மேல் அடுக்குகளில் பட்டுப்புழு வளர்த்தார்கள். எனக்குப் பெரிய வியப்பு தரைக்கு அடியில்தான்! மண்ணோடு செடிகளும் பட்டுப்புழு எச்சமும் சேர்த்து, சில ஆண்டுகள் மக்கவிட்டு வெடியுப்பு எடுத்தார்கள். வயல் குறைந்த அந்த ஊரில் வீடே விளைநிலம்.

கூரை 30, 40 ஆண்டு தாங்கும். மாற்றும் நாளில் கூலி பேசாமல் ஊரே திரளும்; இன்று உங்கள் வீடு, நாளை என் வீடு. 1995-இல் யுனெஸ்கோ இவ்வூரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. புல்கூரைக்குத் தீதான் எமன். அதனால் ஆண்டுதோறும் ஊர் முழுவதும் தண்ணீரைப் பீய்ச்சியடித்துத் தீயணைப்புக் குழாய்களைச் சோதித்துப் பார்க்கிறார்கள்.