முறைக் காய்ச்சலும் டி அணுக்களும்



நான் கடற்கரையூர் ஒன்றில் ஆசிரியனாயிருந்தபோது, மூன்று முறை மலேரியாவில் படுத்தெழுந்த மாணவன் ஒருவன், "ஐயா, தட்டம்மை ஒரு தடவை வந்தால் பின்பு வருவதில்லை என்கிறீர்கள், இந்தக் குளிர்காய்ச்சல் மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?" என்று கேட்டான். "கொசு திரும்பத் திரும்பக் கடிக்கிறதே!" என்று சொல்லி அவனை அமர்த்திவிட்டேன். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அவனுக்குரிய விடையை இன்று சொல்ல முயல்கிறேன்.

மலேரியாக் கிருமியை இரத்தத்தில் 1880-இல் கண்டவர் லாவெரான். கொசுவின் வயிற்றில் 1897-இல் செகந்தராபாத்தில் கண்டவர் ரொனால்டு ராஸ். கொசு கடித்ததும் கிருமி முதலில் கல்லீரலை அடைந்து, ஒரு வாரமளவு அங்கே பெருகுகிறது. பின்னரே இரத்தத்தில் இறங்கிச் சிவப்பணுக்களுக்குள் புகுகிறது.

இதனை எதிர்ப்பனவற்றுள் தலையாயவை டி அணுக்கள் என்னும் வெள்ளணுக்கள். எலும்பு மச்சையில் பிறந்து, மார்பெலும்பின் பின்னுள்ள தைமஸ் சுரப்பியில் பயில்கின்றன. அச்சுரப்பியின் பயனை 1961-இல் எலிகளைக் கொண்டு விளக்கியவர் ஜாக் மில்லர். சொந்த உடலையே தாக்கக்கூடியவை அங்கேயே கழிக்கப்படுகின்றன. தேறி வெளிவருவன மிகச் சிலவே. அத்துணைக் கடுமையான தேர்வை நான் ஒருநாளும் நடத்தியதில்லை!

இவற்றுள் கொல்லும் அணுக்கள் ஒருவகை. நம் உயிரணுக்கள் தமக்குள் இருக்கும் புரதத்தின் துணுக்குகளை வெளிப்புறத்தில் ஏந்திக் காட்டும் இயல்புடையவை. கல்லீரல் அணுவில் கிருமியின் துணுக்கு தென்பட்டால், கொல்லும் அணு அதனை அழித்துவிடும். ஆனால் முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கருவே இல்லை. துணுக்கை ஏந்திக் காட்டும் ஏற்பாடும் இல்லை. ஆகவே கள்வன் உள்ளே இருக்க, காவலன் வாயிலைக் கடந்து போய்விடுகிறான்.

இங்கேதான் உதவும் டி அணுக்கள் முன்வருகின்றன. அவை காமா இண்டர்பெரான் என்னும் பொருளைச் சுரந்து, மண்ணீரலிலுள்ள விழுங்கும் அணுக்களை முடுக்குகின்றன. எதிர்ப்பொருள் உண்டாக்கும் பி அணுக்களுக்கும் துணைநிற்கின்றன. 1961-இல் காம்பியா நாட்டில், பெரியோர் இரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்பொருளை நோயுற்ற குழந்தைகளுக்குச் செலுத்தியபோது கிருமிகள் வெகுவாகக் குறைந்தன. டி அணுக்களின் சினம் அளவு மீறினாலோ உடலுக்கே கேடு; அதனை அடக்கவும் சில டி அணுக்கள் உள்ளன.

அப்படியிருந்தும் காய்ச்சல் ஏன் மீள்கிறது? பால்சிபாரம் என்னும் கொடிய இனம், சிவப்பணுவின் மேல் தான் பதிக்கும் புரதத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறது; நேற்றைய எதிர்ப்பொருள் இன்றைய சட்டைக்குப் பொருந்துவதில்லை. பல ஆண்டுகள், பல காய்ச்சல்களுக்குப் பின்னரே ஓரளவு காப்பு வருகிறது; நோயுள்ள ஊரை விட்டு அகன்றால் அதுவும் தளர்கிறது. குழந்தைகளுக்கான முதல் தடுப்பூசியை உலக சுகாதார நிறுவனம் 2021-இல்தான் பரிந்துரைத்தது.

வைவாக்ஸ் என்னும் இனமோ கல்லீரலில் மாதக்கணக்கில் உறங்கி, புதிய கடியின்றியே எழக்கூடியது. உறங்கும் கிருமியை ஒழிக்கப் பிரைமாகுயின் மாத்திரையை மருத்துவர் சொன்னபடி, வழக்கமாகப் பதினான்கு நாள், உண்ணவேண்டும். காய்ச்சல் நின்றதும் பலர் நிறுத்திவிடுகின்றனர். எத்தனை நாள் உண்டாய் என்று அந்தப் பையனை நான் கேட்கவே இல்லை.