கடலடி மலைகளும் கட்டளை வரியும்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பசுபிக் சமுத்திரத்தின் நடுவே ஹவாய்த் தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. தென்கிழக்குக் கோடியிலுள்ள பெருந்தீவில் கிலவேயா எரிமலை இன்றும் கனன்றுகொண்டிருக்கிறது. வடமேற்கே செல்லச் செல்லப் பாறைகளின் வயது ஏறுகிறது. கவாய்த் தீவுக்கு ஏறக்குறைய 50 இலட்சம் ஆண்டு. மிட்வேக்கு 2 கோடி 80 இலட்சம் ஆண்டு. அதற்கப்பால் மலைகள் நீரில் அமிழ்ந்து, கடலடி மலைகளாகத் தொடர்ந்து, ஓரிடத்திற் சட்டென வடக்கே திரும்பி, கம்சட்காவின் அருகே முடிகின்றன. அவ்வாறு திரும்பிய பகுதியின் பெயர் எம்பரர் மலைகள். ஜப்பானியச் சக்கரவர்த்திகளின் பெயர்களை அவை தாங்கி நிற்கின்றன.

ஹவாய் மக்களோ, பேலே என்னும் அக்கினி தேவி வடமேற்குத் தீவுகளிலிருந்து ஒவ்வொன்றாகக் கடந்து வந்து, இறுதியிற் கிலவேயாவிற் குடிகொண்டாள் என்று தம் முன்னோர் வாயிலாகக் கேட்டு வந்தவர்கள். தீவுகளின் வயது வரிசையும் அதுவேயன்றோ!

1963 இல் ரூசோ வில்சன் என்ற கனடிய அறிஞர் இதற்குக் காரணங் கூறினார். அடுப்பு நின்ற இடத்தில் நிற்க, அதன்மேல் ஓலைப்பாயை மெல்ல இழுத்தால் வரிசையாகக் கரிப்பொட்டுகள் விழும். அடுப்புப் போன்றது பூமியின் ஆழத்திலுள்ள வெப்பப்புள்ளி. பாய் போன்றது மேலே நகரும் புவித்தகடு. கிலவேயாவிலிருந்து மிட்வே ஏறக்குறைய 2,400 கிலோமீற்றர். வயதால் வகுத்தால், தகடு ஆண்டொன்றுக்கு எட்டரைச் சென்ரிமீற்றர் நகர்ந்ததாகக் காண்போம்.

நிற்க. இக்கணக்கை ஆயிரக்கணக்கான மலைகளுக்குச் செய்ய ஒரு கருவி உண்டு. அமெரிக்காவில் கொலம்பியா சர்வகலாசாலையைச் சேர்ந்த லமொண்ட் ஆராய்ச்சி நிலையத்தில் மாணவராயிருந்த போல் வெசல், வோல்டர் சிமித் என்னும் இருவர் ஆக்கி 1988 இல் வெளியிட்ட ‘ஜி.எம்.ரி.’ என்னும் படவரைவுக் கருவித் தொகுதியே அது. விலையில்லை. அழகான பொத்தான்களும் இல்லை. கணினியின் கறுப்புத் திரையிற் கட்டளையைத் தட்டச்சுச் செய்தல் வேண்டும். எமக்கு இதுவே பிடித்தமானது. செய்தது யாது என்பது வரிவரியாக எழுத்தில் நிற்கும். இன்னொருவர் அதனைப் பார்த்துப் பிழை சொல்லலாம்.

‘பக்ட்ராக்கர்’ என்னும் கட்டளைக்கு நாம் கொடுப்பவை இரண்டு. ஒன்று, மலையின் நெடுங்கோடு, அகலக்கோடு, வயது. (பள்ளிக்கூடத்தில் அகலக்கோட்டை முதலிற் சொல்லிப் பழகியவர்கள் இங்கே கவனிக்க, நெடுங்கோடே முதலில் வரும்.) மற்றது சுழற்சி அட்டவணை. கோளத்தின் மேலே ஒரு தகடு எப்படி நகர்ந்தாலும் அதனை ஓர் அச்சைப் பற்றிய சுழற்சியாகக் கூறலாம் என்பது ஒயிலரின் தேற்றம். எந்தக் காலத்தில் எந்த அச்சைப் பற்றி எத்தனை பாகை என்பதே அட்டவணை. இரண்டையுங் கொடுத்தால், மலை பிறந்த இடத்துக்குக் கோடு செல்லும்.

ஆயின், ஆழ்கடலிலுள்ள மலைகளை எப்படிக் கண்டனர்? இரண்டாயிரம் மீற்றர் உயரமுள்ள கடலடி மலை தன் ஈர்ப்பினால் நீரை இழுத்து, மேலே கடல்மட்டத்தை இரண்டு மீற்றரளவு உயர்த்துகிறது. செயற்கைக்கோள் அதனை அளந்துவிடும். இவ்வாறு அகப்பட்ட மலைகளிற் பெரும்பாலானவற்றுக்கு வயது தெரியாது. வெசலும் குரோங்கியும் 1997 இல் இதற்கொரு வழி காட்டினர். வயதை விட்டுவிட்டு, ஒவ்வொரு மலையும் வந்திருக்கக்கூடிய பாதை முழுவதையும் வரைக; பாதைகள் பல வெட்டும் இடமே வெப்பப்புள்ளி. ‘ஹொட்ஸ்பொட்டர்’ கட்டளை செய்வது இதுவே.

இவ்வளவும் அடுப்பு அசையவில்லை என்ற நம்பிக்கையில் நிற்கிறது. மலைத்தொடரின் வளைவு ஏறக்குறைய 4 கோடி 70 இலட்சம் ஆண்டுக்கு முந்தியது. தகடு திசைமாறியதே காரணம் என்று பலகாலம் கொண்டனர். 2001 இல் ஆராய்ச்சிக் கப்பலொன்று எம்பரர் மலைகளைத் துளையிட்டது. எரிமலைக் குழம்பு உறையும்போது பூமியின் காந்தச் சாய்வு அதிற் பதியும். அதுகொண்டு பாறை பிறந்த அகலக்கோட்டை அறியலாம். பழைய மலைகள் இன்றைய வெப்பப்புள்ளியின் 19 பாகைக்கு வெகு வடக்கே பிறந்திருந்தன. அடுப்பும் தெற்கே நகர்ந்திருக்கிறது! அசையாத அடுப்புக்கென எழுதிய கட்டளையைக் கொடுத்தால் கணினி மறுக்காது. கோட்டை நேர்த்தியாகவே வரைந்து தரும். பாறைதான் மறுத்தது.

எம் அயற்கடலிலும் இப்படியொரு தடம் உண்டு. 6 கோடி 60 இலட்சம் ஆண்டுக்கு முன் தக்காணத்தை எரிகுழம்பால் மூடிய வெப்பப்புள்ளி, பின்னர் இலட்சத்தீவு, மாலைதீவு, சாகோசு ஆகியவற்றின் அடித்தளங்களை அமைத்தது. இன்று றியூனியன் தீவின் கீழ் இருக்கிறது. இடையே நடுச்சமுத்திர மலைமுகடு குறுக்கிட்டதால், மொரீசியசும் றியூனியனும் ஆபிரிக்கத் தகட்டின் பக்கம் நிற்கின்றன. சாகோசு வரை இந்தியத் தகட்டின் அட்டவணை. அப்பால் ஆபிரிக்கத் தகட்டினது. கணினியுள்ள இளைஞர்கள் மாலைதீவிலிருந்து தொடங்கலாம்: நெடுங்கோடு 73.8, அகலக்கோடு 5, வயது 5 கோடி 70 இலட்சம். 1987 இல் துளையிட்டு எடுத்த பாறையின் வயது அது. வரும் கோடு றியூனியனுக்கு எத்தனை கிலோமீற்றர் விலகி முடிகிறது என்பதை அளந்து, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருக.