துருவேறிய வேட்டை ரைஃபிளைச் சீரமைக்கும் கலை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நாட்டுப்புறங்களில் அணில், முயல் போன்ற சிறுவிலங்குகளை வேட்டையாடப் பயன்பட்ட துப்பாக்கிகளுள், வின்செஸ்டர் நிறுவனம் 1890ஆம் ஆண்டில் வெளியிட்டு 1930களின் தொடக்கம் வரை ஏறத்தாழ எட்டரை லட்சம் எண்ணிக்கையில் செய்தளித்த ‘மாடல் 1890’ ரைஃபிளுக்குத் தனி இடம் உண்டு. யூட்டா மாநிலத்து ஆக்டன் நகரைச் சேர்ந்த ஜான் பிரௌனிங், மேத்யூ பிரௌனிங் என்னும் சகோதரர்கள் வகுத்த அமைப்பு அது. எண்பட்டை வடிவிலான இருபத்து நான்கு அங்குல நீளக் குழலும், அதன் அடியில் தோட்டாக்களை வரிசையாக அடக்கும் மெல்லிய குழாயும் கொண்ட அந்த ரைஃபிளில், முன்பிடியைப் பின்னுக்கிழுத்து முன்னே தள்ளியதும் சுட்ட தோட்டாவின் கூடு வெளியேறி அடுத்த தோட்டா உள்ளே அமர்ந்துவிடும். தானியக் கிடங்குகளிலும் வீட்டு மேல்மாடங்களிலும் பல பத்தாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்த இத்தகைய ரைஃபிள்களை மீண்டும் வேட்டைக்குத் தகுதியாக்கும் கைத்தொழில் இன்று அந்நாட்டில் ஒரு கலையாகவே வளர்ந்து நிற்கிறது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் வேட்டை குற்றமாகிவிட்டதால், அக்கலையை அது வாழும் அமெரிக்க மண்ணில் வைத்தே மதிப்பிடுதல் தகும்.

இவ்வகை ரைஃபிளின் தோட்டா ‘ரிம்ஃபயர்’ எனப்படும். பெரிய தோட்டாக்களில் அடிப்பகுதியின் நடுவே பொருத்தப்படும் தீமூட்டி மருந்து, இதில் பித்தளைக் கூட்டின் அடியைச் சுற்றியோடும் உள்ளீடற்ற விளிம்புக்குள் பரப்பப்பட்டிருக்கும். அடியூசி அவ்விளிம்பை எங்கே நசுக்கினாலும் மருந்து பற்றிக்கொள்ளும். செலவு குறைந்த இந்த ஏற்பாடுதான் ஏழை உழவர் குடும்பத்துக்கும் ரைஃபிளை எட்டச் செய்தது. காலப்போக்கில் அந்த ரைஃபிளைக் கெடுத்ததும் அதே விளிம்புக்குள் இருந்த மருந்துதான். 1920களின் நடுப்பகுதி வரை அமெரிக்கத் தோட்டாக்களின் தீமூட்டி மருந்தில் பொட்டாசியம் குளோரேட் பரவலாகக் கலக்கப்பட்டு வந்தது. அது எரிந்தபின் எஞ்சும் பொட்டாசியம் குளோரைடு, சமையலுப்பின் இனத்தைச் சேர்ந்த உப்பாதலால், காற்றின் ஈரத்தை ஈர்த்துக் குழலின் உட்சுவரைத் துருவாக அரித்தது. பழைய கரிமருந்து ஏராளமான கசடை விட்டுச்சென்ற காலத்தில் வேட்டைக்காரர்கள் குழலை வெந்நீரால் கழுவியதால் அவ்வுப்பும் உடன் கரைந்து போயிற்று. பின்னர் வந்த புகையில்லா மருந்து கசடை மிகக் குறைவாகவே விட்டதால், குழல் தூய்மையாக உள்ளதென நம்பி எண்ணெய் மட்டும் தடவி வைத்தார்கள். உப்போ எண்ணெயில் கரையாது. ரெமிங்டன் நிறுவனம் 1926இல் ‘கிளீன்போர்’ என்னும் துருப்பிடிக்கச் செய்யாத தோட்டாக்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, அதற்கு முன் விற்பனையான ரைஃபிள்களில் பெருந்தொகையானவை உள்ளுக்குள் ஏற்கெனவே குழி விழுந்து போயிருந்தன. மேற்பரப்பு நன்றாகவும் குழலின் உள்ளிடம் கருத்தும் காணப்படும் பழைய ரைஃபிள் மிகுதியாகக் கிடைப்பதற்கு இதுவே காரணம்.

ஆகவே சீரமைப்பாளரின் திறமையை அளக்க வேண்டிய இடம் குழலின் உள்ளிடமே. குழலுக்குள் திருகாக வெட்டப்பட்ட வரிப்பள்ளங்களே குண்டைச் சுழலச் செய்து நேரே செலுத்துகின்றன. அவை அரிக்கப்பட்டால் மெல்லிய ஈயக்குண்டு கிழிபட்டு, குறி எங்கோ, அடி எங்கோ என்றாகும். இந்நிலையில் வல்லுநர் செய்வது வியக்கத்தக்க வேலை. பழைய குழலை உள்ளிருந்தே சற்று அகலத் துளைத்து, புதிதாக வரிப்பள்ளம் வெட்டிய மெல்லிய எஃகு உள்குழலை அதனுள் செருகி, ஒட்டுப்பசையாலோ ஈயப்பற்றாலோ நிலைநிறுத்தி, தோட்டா அமரும் அறையைப் புதிதாகக் குடைந்து தருகிறார்கள். குழலின் முன்வாயில் உள்ள இணைப்புக்கோடு கண்ணுக்குத் தெரியாதபடி முடிப்பவரே இத்தொழிலில் தேர்ந்தவர். எண்பட்டை முகங்களும், அவற்றில் பொறித்த எழுத்துகளும், பல்லாண்டுகள் கைபட்டுப் படிந்த நிறமும் சிதையாமல் நிற்க, ரைஃபிளின் குறி மட்டும் புதிதாகிறது. பழமையைக் காத்தல், பயனை மீட்டல் என்னும் இரு நோக்கங்களும் ஒருசேர நிறைவேறும் வழி இக்கலையில் இதுபோல் வேறொன்றில்லை.

மேற்பரப்பைப் பொறுத்தவரை அடக்கமே நற்பண்பு. உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, புதிய நீலக்கருமை ஏற்றுவோர் பலர் உள்ளனர். அவர்கள் கைபட்ட ரைஃபிளில் எண்பட்டைக் குழலின் கூர்விளிம்புகள் மழுங்கி, எழுத்துகள் கரைந்து, திருகாணித் துளைகள் கிண்ணம்போல் பள்ளமாகிவிடுகின்றன. 1901ஆம் ஆண்டு வரை வந்த ரைஃபிள்களின் நடுவுடலில் காணப்படும் பலவண்ணச் சாயல், எஃகை எலும்புக்கரியோடும் மரக்கரியோடும் சேர்த்துச் சூடேற்றி நீரில் அமிழ்த்தியதால் விளைந்தது. அது ஒருமுறை தேய்க்கப்பட்டுவிட்டால் எந்தப் பூச்சாலும் திரும்பாது. இதற்கு மாறாக, துருப்பிடித்த உறுப்பைக் கொதிநீரில் சிறிதுநேரம் இட்டெடுத்தால் செந்துருவான இரும்பு ஆக்சைடு கருநிற ஆக்சைடாக மாறி, மேலும் அரிக்கும் இயல்பை இழந்துவிடுகிறது. பின் எண்ணெய் தோய்ந்த நுண்ணிய எஃகு நாரால் மெல்ல ஒற்றித் துடைத்தாலே போதுமானது. வால்நட் மரக்கட்டையில் விழுந்த நசுங்கல்களை ஈரத்துணியின் மேல் சூடான இஸ்திரிப்பெட்டியை வைத்து எழும்பச் செய்து, ஆளிவிதை எண்ணெயைச் சிறுகச் சிறுக ஊட்டுவதோடு மரவேலை முடிந்துவிடும்.

பிரிக்கத் தொடங்குமுன் தோட்டா அறையோடு அடிக்குழாயையும் சோதித்தாக வேண்டும். மறந்துபோன தோட்டா ஒன்று குழாயின் துருவில் சிக்கிக் கிடப்பது அரிதன்று. திருகாணியின் வெட்டுக்கு அச்சாகப் பொருந்துமாறு முனை தீட்டப்பட்ட திருப்புளியும், ஊடுருவும் எண்ணெயில் பல நாள் ஊறவிடும் பொறுமையும் இல்லாதவர் இவ்வேலையைத் தொடாதிருப்பது நல்லது. தோட்டா இல்லாமல் விசையை இழுத்து விளையாடிய ரைஃபிள்களில் அடியூசி அறையின் விளிம்பைக் குத்திப் பிசிறு எழுப்பியிருக்கும். அப்பிசிறைத் தக்க கருவியால் பழைய இடத்துக்கே அழுத்தித் தள்ளவேண்டுமேயன்றி அரத்தால் அராவிவிடலாகாது.

மாடல் 1890இல் கவனம் பிசகக்கூடாத மற்றொன்று தோட்டாவின் வகை. ஷார்ட், லாங், டபிள்யூ.ஆர்.எஃப்., பிற்காலத்தில் லாங் ரைஃபிள் என நான்கு வகைகளுக்கு அது செய்யப்பட்டதாயினும், ஒரு ரைஃபிள் ஒரு வகையையே ஏற்கும். தோட்டாவை மேலே ஏற்றும் உறுப்பும் அந்நீளத்துக்கே அமைந்தது. டபிள்யூ.ஆர்.எஃப். தோட்டாவின் உடல் பருமன் மிகுதி. அதற்கான அகன்ற அறையில் மெலிந்த லாங் ரைஃபிள் தோட்டாவை இட்டுச் சுட்டால் பித்தளைக் கூடு பிளந்து, சூடான வாயு சுடுபவரின் முகத்தில் தெறிக்கக்கூடும். 1930க்குப் பின் பரவிய அதிவேகத் தோட்டாக்களையும் இப்பழைய எஃகின் மேல் சுமத்தாமல், இயல்பு வேகத் தோட்டாக்களோடு நின்றுவிடுவதே அறிவுடைமை.

கென்டக்கி மாநிலத்தில் ஆகஸ்ட் மாதத்து மூன்றாம் சனிக்கிழமை அணில் வேட்டைப் பருவம் தொடங்கும்போது, ஹிக்கரி மரங்களின் உச்சியில் கொட்டை கொறிக்கும் அணிலின் தலையே வேட்டைக்காரருக்கு இலக்கு. அதன் அகலம் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் இராது. அந்த அளவுக்குள் குண்டுகளைத் தவறாமல் சேர்க்காத ரைஃபிள் உயிரைக் கொல்லாமல் காயப்படுத்தி அலையவிடும் என்பதால், வேட்டைக்கு முன் இருபத்தைந்து கஜத் தொலைவில் தாள் இலக்கின்மேல் சுட்டுப் பார்ப்பது அறத்தின் பாற்பட்டது. அண்ணாந்து சுடப்படும் சிறுகுண்டு ஒன்றரை மைல் வரை செல்லக்கூடுமென்று தோட்டாப் பெட்டிகளே எச்சரிப்பதால், அணிலின் பின்னே பருத்த அடிமரமோ கிளையோ இருந்தாலொழிய விசையைத் தொடாதவரே நல்ல வேட்டைக்காரர்.

இக்காரணங்களால், உள்குழல் மாற்றி, குறி சரிபார்த்து, மேற்பரப்பின் பழுப்பையும் தழும்பையும் அப்படியே விட்ட ரைஃபிளே சிறந்த சீரமைப்பு எனக் கொள்ளத்தக்கது. புதுக்கருமை ஏற்றி மின்னியும் குழலில் குழிகளோடு நிற்கும் ரைஃபிளைச் சுவரில் மாட்டிவைக்கலாம். வேட்டைக்கு எடுத்துச் செல்லலாகாது.