ஆர்க்கிடெக்ட் ஆக என்ன யோக்கியதை வேண்டும்?

(ஒரு வாலிபர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



கட்டடக் கலைஞர், அதாவது ஆர்க்கிடெக்ட் ஆவதற்கு என்ன யோக்கியதை வேண்டும் என்பது பற்றிப் பேசும்படி இக்கூட்டத்தார் நம்மைக் கேட்டிருக்கிறார்கள். ஜாதியையும் மதத்தையும் பற்றிப் பேசுகிறவர்களுக்குக் கட்டடத்தில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். ஆனால் வீடு கட்டுவதைப்போல் ஜாதியும் மூடநம்பிக்கையும் புகுந்து குடியிருக்கும் காரியம் நம் நாட்டில் வேறு அதிகம் இல்லை.

முதலாவது, பழைய யோக்கியதையைப் பார்ப்போம். மயமதம், மானசாரம் என்கிற சிற்ப சாஸ்திரங்கள் ஸ்தபதி, சூத்திரக்கிராகி, வர்த்தகி, தட்சகன் என்று நான்கு வகைப் பேர்களைச் சொல்லுகின்றன. ஸ்தபதிக்குக் கணிதம் தெரிய வேண்டும் என்கின்றன. நல்லது, அதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் நடைமுறையில் அந்த வித்தை தகப்பனிடமிருந்து மகனுக்கு என்று ஒரு குலத்துக்குள்ளேயே பூட்டி வைக்கப்பட்டது. போதாக்குறைக்கு மண்ணுக்கும் ஜாதி வைத்தார்கள். வெள்ளை மண் பிராமணனுக்காம், சிவப்பு க்ஷத்திரியனுக்காம், மஞ்சள் வைசியனுக்காம், கறுப்பு சூத்திரனுக்காம். பஞ்சமன் என்று ஒதுக்கப்பட்டவனுக்கு நிறமே மிச்சமில்லை! உளி பிடித்தவர்களின் கைத்திறனை நாம் ஒருசிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. தஞ்சைக் கோபுரத்தைப் பார்த்தவன் எவனும் அப்படிச் சொல்லமாட்டான். அறிவைப் பிறப்போடு முடிச்சுப் போட்டதைத்தான் கண்டிக்கிறோம்.

நிற்க, இன்றைய சட்டம் என்ன சொல்லுகிறது? 1972-ல் இந்திய சர்க்கார் ஆர்க்கிடெக்ட்டுகள் சட்டம் என்று ஒன்று செய்தார்கள். அதன்படி ஆர்க்கிடெக்ட் கவுன்சில் ஒன்று ஏற்பட்டது. அங்கீகாரம் பெற்ற பட்டம் உள்ளவன் விண்ணப்பம் போட்டு, கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் ஏறிய பிறகே தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். பதியாமல் அப்பெயரைப் போட்டுக்கொண்டால் முதல் தடவைக்கு 500 ரூபாய் வரை அபராதம். அதற்குமேல் செய்தால் ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. இதில் கோத்திரம் என்ன, குலம் என்ன என்று ஒரு கேள்வியும் கிடையாது. இதை நம் ஜனங்கள் நன்றாய்க் கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவில் இல்லினாய் மாகாணம் 1897-லேயே இத்தொழிலுக்கு லைசென்ஸ் வைத்துவிட்டது. அங்கே பட்டத்துக்குப் பிறகும் பயிற்சிக்காலம், தனிப் பரீட்சை என்று உண்டு. நம் நாட்டில் பட்டத்துக்குமேல் தனிப் பரீட்சை இல்லை. பதிவு செய்தால் போதும். அது சரியா, தப்பா என்று இப்போது தர்க்கம் செய்ய நேரமில்லை.

சட்டத்தின் ஒரு வினோதத்தையும் சொல்லவேண்டும். அது காப்பாற்றுவது பெயரைத்தானேயொழிய தொழிலை அல்ல. 2020-ல் சுப்ரீம் கோர்ட்டே, ஆர்க்கிடெக்ட் என்ற பட்டப்பெயரைப் பதியாதவர் போட்டுக்கொள்ளக் கூடாதே தவிர, வரைபடம் போடும் வேலையைச் செய்யக்கூடாது என்று அச்சட்டம் தடுக்கவில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகையால் வீடு கட்டப் போகிறவர்கள் பலகையில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல், பதிவு நம்பர் என்ன என்று கூச்சப்படாமல் கேட்க வேண்டும். தூண் தாங்குமா, மண் தாங்குமா என்பது வேறு படிப்பு; அதற்குக் கட்டமைப்பு என்ஜினீயர் வேண்டும். 2014-ல் சென்னைக்கு அருகே மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். மாண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கூலி வேலைக்கு வந்தவர்கள்.

இனிப் படிப்புக்கு வருவோம். பட்டப்படிப்பு ஐந்து வருஷம். அதற்குள் ஒரு பகுதி, ஒரு ஆர்க்கிடெக்ட்டிடம் இருந்து நேரில் வேலை பழகுவது. சேருவதற்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கும் பௌதிகமும் படித்திருக்க வேண்டும். அல்லது பத்தாவதுக்குப் பிறகு கணக்கோடு கூடிய மூன்று வருஷ டிப்ளமோ படித்திருக்க வேண்டும். அதோடு ‘நாட்டா’ என்னும் திறனறி தேர்வும் எழுத வேண்டும். கண் பார்த்ததைக் கை வரைகிறதா, ஒரு பொருளை மனத்தில் திருப்பிப் பார்க்க முடிகிறதா என்பதைச் சோதிக்கிற தேர்வு அது.

இங்கேதான் நம் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். பதினோராம் வகுப்பில் கணக்கு இல்லாத பிரிவில் சேர்த்துவிட்டு, பிறகு “பையன் நன்றாய்ப் படம் போடுகிறான், ஆர்க்கிடெக்ட் ஆக்கலாமா?” என்று கேட்டால் என்ன செய்வது? சொல்லுவார் இல்லாமையால் கதவு அப்போதே சாத்தப்பட்டுவிடுகிறது. படித்த வீட்டுப் பிள்ளைக்கு இது சாப்பாட்டு நேரத்துப் பேச்சிலேயே தெரிந்துவிடும். கொத்தனார் மகளுக்கு யார் சொல்லுவார்?

கொத்தனாரைப்பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறோம். 1972 சட்டம், அதற்கு முன்பே ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் ஆர்க்கிடெக்ட் தொழில் நடத்தியவர்களைப் பட்டமில்லாவிட்டாலும் பதிவேட்டில் சேர்த்துக்கொள்ள வழி வைத்தது. அந்த வழி அன்று தொழில் நடத்தியவர்களோடு முடிந்தது. ஆகவே மேஸ்திரியின் முப்பது வருஷ அனுபவம் அவரைப் பதிவேட்டுக்குக் கொண்டுபோகாது. அவர் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பினால்தான் உண்டு. மேலே சொன்ன டிப்ளமோ வழி அப்பேர்ப்பட்ட வீடுகளுக்கே மிகவும் உபயோகமானது. இடஒதுக்கீடும் இருக்கிறது.

பெண்களுக்கு இது ஆகுமா என்கிறவர்களுக்கு ஒரே பதில்: பெரின் மிஸ்திரி என்னும் பம்பாய்ப் பெண் 1936-லேயே ஜே.ஜே. கலைப்பள்ளியில் இப்படிப்பை முடித்தார்.

கடைசியாக, படித்தவர்களின் வெட்கக்கேட்டைச் சொல்லாமல் விடமுடியாது. ஐந்து வருஷம் படித்தவன் காற்றையும் வெயிலையும் கணக்கிட்டுச் சமையலறையை ஓரிடத்தில் வைப்பான். வீட்டுக்காரர் ஒரு வாஸ்துக்காரரைக் கூட்டி வருவார். அவர் அக்கினி மூலை என்பார். படித்தவனும் வாயை மூடிக்கொண்டு மாற்றி வரைவான். மனையடி சாஸ்திரம் இத்தனை அடியென்றால் தரித்திரம், இத்தனை அடியென்றால் பாக்கியம் என்கிறது. அந்த அடி எந்த அடி? வெள்ளைக்காரன் கொண்டுவந்த பன்னிரண்டு அங்குல அடியா? 1956-ல் சட்டம் போட்டு மீட்டர் அளவைக் கொண்டுவந்தார்களே, மீட்டரில் அளந்தால் தரித்திரம் எத்தனையாவது மீட்டரில் வருகிறது? வாஸ்துக்காரரிடம் எந்தப் பட்டமும் இல்லை, எந்தப் பதிவு நம்பரும் இல்லை. வீடு ஒழுகினால் அவரை எந்தக் கவுன்சிலும் கூப்பிட்டு விசாரிக்காது. ஆர்க்கிடெக்ட் தொழிலில் தப்பு செய்தால் கவுன்சில் விசாரித்து அவர் பெயரையே பதிவேட்டிலிருந்து எடுத்துவிட முடியும்.

பத்தாம் வகுப்பு முடித்து நிற்கிற பிள்ளைகள் இக்கூட்டத்திலேயே பலர் இருப்பதாகத் தெரிகிறது. அவர்களுடைய பெற்றோர்கள் கூட்டம் கலைந்ததும் போய்விடாமல் சற்று இருந்தால், எந்தப் பிரிவில் சேர்ப்பது, விண்ணப்பம் எப்படி எழுதுவது என்பதை உட்கார்ந்து பேசலாம்.