பாட்டி சொன்ன முதற் சொல்
(உயர்தர மாணவியருக்கான வழிகாட்டல் அமர்வில் ஆற்றிய உரை)



களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் பேச்சு, கேட்டல் விஞ்ஞானப் பட்டம் பெற்ற நாங்கள் இருவர், வெளிநாட்டில் பட்டமேற்படிப்புக்கு விண்ணப்பித்தோம். விண்ணப்பக் கட்டுரையில், "சேவை செய்ய விரும்புகிறோம்" என்று எழுதினோம். நம் கல்லூரி ஆசிரியை வாசித்துவிட்டு, "இதை யாரும் எழுதலாம். நீங்கள் கண்டதை எழுதுங்கள்" என்று திருப்பித் தந்தார்.

ரத்தோட்டைப் பக்கத் தோட்டமொன்றில் பாரிசவாதத்தால் பேச்சிழந்த பாட்டியைப் பற்றி எழுதினோம். அவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். கிடைத்த பயிற்சியோ சிங்களத்தில். நாங்கள் கொழுந்துக் கூடையைக் காட்டினோம். பல நாள் கழித்து, "கொழுந்து" என்றார். பக்கத்தில் நின்ற மகள் அழுதுவிட்டார். அந்தக் கட்டுரைக்கே இடம் கிடைத்தது.

ழ, ள, ல என்ற வேறுபாட்டை ஆங்கிலப் பரிசோதனைத் தாள் அளக்காது. தமிழறிந்த சிகிச்சையாளரே அதைக் கேட்டறிவார்.

தங்கைமாரே, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் இப்பட்டத்துக்கான தகுதியைப் பாருங்கள். மேற்படிப்புக்கு மைசூரிலுள்ள அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனத்தையும் விசாரியுங்கள். விண்ணப்பம் எழுதும்போது எங்களிடம் வாருங்கள், சேர்ந்து திருத்துவோம்.