ஓட்டு நாளில் ஜீப் ஏறாதீர்கள்!

(போடிநாயக்கனூர் குடியிருப்போர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



போடி சாதாரணத் தொகுதி அல்ல என்று மேடைதோறும் சொல்வார்கள். உண்மைதான். 1989-ல் செல்வி ஜெயலலிதா முதன்முதலாகச் சட்டமன்ற உறுப்பினரானது நம் ஊர் ஓட்டில்தான். 2011, 2016, 2021 என மூன்று தேர்தல்களில் திரு. ஓ. பன்னீர்செல்வம் வென்றதும் இங்கேதான். இருவருமே முதலமைச்சர் நாற்காலியில் அமர்ந்தவர்கள். ஆனால், பெரியவர்களின் தொகுதி என்பதால் நமக்கு எல்லாம் தானாக வந்து சேர்ந்ததா?

ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1928-ல் வந்த பாதை அது. அகலப்பாதை போடுவதற்காக 2010 இறுதியில் வண்டியை நிறுத்தினார்கள். மறுபடி போடிக்கு ரயில் வந்தது 2023 ஜூன் 15-ல்! இடையில் 2014, 2019 என இரண்டு நாடாளுமன்றத் தேர்தல்கள் வந்து போயின. ஒவ்வொரு தேர்தலிலும் ரயில் மேடையில் மட்டும் ஓடியது.

நகராட்சிக்கு வாருங்கள். 2011-ல் தேர்ந்தெடுத்த மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ல். ஐந்தாண்டுக்கு மேல் தமிழக நகராட்சிகள் தனி அலுவலர்கள் கையில் இருந்தன. சாக்கடை அடைத்தால், தண்ணீர் வராவிட்டால், வீட்டு வாசலில் போய்க் கேட்க வார்டுக்கு ஓர் உறுப்பினர் இல்லை. டெல்லிக்கு ஆள் அனுப்பிய நமக்கு, தெருவுக்கு ஆள் இல்லை!

கேட்கும் உரிமையை நமக்குத் தருவது ஓட்டு. அந்த ஓட்டை அதிகம் இழப்பவர் யார்? விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போகும் நம் தாய்மார்களும் சகோதரர்களும்தான். அவர்களுக்குச் சட்டம் சொல்வதைக் கேளுங்கள்.

முதலாவது, பெயர். வேலைக்காகச் சில வாரம் மலையில் தங்கினால் போடியில் குடியிருப்பு போய்விடாது. தற்காலிகமாக வெளியே இருப்பதாலேயே ஒருவர் குடியிருப்பை இழப்பதில்லை என்கிறது 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு. அதேசமயம், இங்கொன்று இடுக்கியில் ஒன்று என இரண்டு இடத்தில் பெயர் வைத்திருக்காதீர்கள். சட்டம் அதை அனுமதிப்பதில்லை. நாமே நம்மைப் பழிக்கு ஆளாக்குவானேன்?

இரண்டாவது, கூலி. 2024-ல் தமிழகம் ஓட்டுப் போட்டது ஏப்ரல் 19-ல். கேரளம் ஏப்ரல் 26-ல். நமக்கு ஓட்டு நாள், மலையிலோ வேலை நாள்! ஒருநாள் கூலியை விட்டால் அடுப்பு எரியாதே என்ற கவலை நியாயமானது. ஆனால், 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 135-பி பிரிவு என்ன சொல்கிறது? ஓட்டுரிமை உள்ள தொழிலாளிக்கு ஓட்டு நாளில் கூலியுடன் விடுமுறை தர வேண்டும். தினக்கூலிக்கும் இது உண்டு. ஆள் இல்லாவிட்டால் ஆபத்தோ பெருநட்டமோ நேரும் வேலைக்கு மட்டுமே விலக்கு. இது சலுகை அல்ல, உரிமை! தனியாகக் கேட்கத் தயங்கினால், ஒரு ஜீப்பில் போகிற அத்தனை பேரும் சேர்ந்து முன்கூட்டியே கேளுங்கள்.

சகோதரர்களே! தேர்தல் அறிவிக்கும்வரை காத்திராதீர்கள். இன்றே வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயரைப் பாருங்கள். இல்லையென்றால் படிவம் 6-ஐ நிரப்பிக் கொடுங்கள். படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் பார்த்துச் சொல்லுங்கள். ஓட்டுப் போட்டவன் கேட்டால்தான் ஓட்டு வாங்கியவன் பதில் சொல்வான்!